ஃபாக் லைட் பல்ப் மாற்றப் போறீங்களா? பிரைட்னஸுக்கு முன்னாடி வாட்ஸைப் பாருங்க!

மார்கழி மாதம், அதிகாலை ஐந்தரை மணி. முதல் ஷிப்டுக்காக கும்மிடிப்பூண்டி சிப்காட் நோக்கி ஜி.என்.டி. சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கவரைப்பேட்டை தாண்டியதும் வயல் பக்கமிருந்து பனி ரோட்டுக்கு ஏறி நிற்கிறது. முன்னால் போகும் டிரெய்லரின் பின் விளக்கு தெரிகிறதா இல்லையா என்றே புரியவில்லை. ஃபாக் லைட்டைப் போடுகிறீர்கள். ஒரு பக்கம் எரியவே இல்லை. இன்னொரு பக்கம் அகல் விளக்கு மாதிரி மினுங்குகிறது.

அன்று சாயந்திரமே புது பல்ப் தேட ஆரம்பித்துவிடுவோம். ஆன்லைனில் பார்த்தாலும் சரி, சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளில் கேட்டாலும் சரி, 'இதைவிட பிரைட்டா வேணுமா?' என்ற கேள்விதான் முதலில் வரும். 100 வாட் இருக்கிறது, 'சூப்பர் ஒயிட்' இருக்கிறது, எல்இடி இருக்கிறது. ஆனால், 'உங்க வண்டியோட வயர் இதைத் தாங்குமா?' என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை. பம்பருக்குப் பின்னால் கப்ளர் உருகி, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்த பிறகுதான் அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வரும்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கே!

குழப்பம் ஆரம்பிக்கும் இடமே பல்பின் அடிப்பகுதிதான். இன்றைய பல கார்களின் ஃபாக் லைட்டில் ஹெச்8, ஹெச்11, ஹெச்16 என்ற மூன்று ரகங்களில் ஏதோ ஒன்று இருக்கும். மூன்றையும் மேஜையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதே கறுப்பு பிளாஸ்டிக், அதே வளைந்த கழுத்து, அதே இரண்டு பின். ஆனால் ஹெச்16 என்பது 19 வாட். ஹெச்8 என்பது 35 வாட். ஹெச்11 என்பது 55 வாட். இதே குடும்பத்தில் ஹெச்9 என்று 65 வாட் பெரியண்ணன் ஒருவரும் உண்டு.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே, அடிப்பகுதியில் உள்ள சின்னச் சின்ன காதுகளின் அளவையும் இடத்தையும் ரகத்துக்கு ரகம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டோம். பிளேடை வைத்து ஒரு காதைச் சீவினால் போதும், பல்ப் உள்ளே போய்விடும். 'ஃபிட் ஆயிடுச்சு' என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடலாம். சீவி எறிந்தது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்பது யாருக்கும் தோன்றாது.

கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு போடுவோம். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 12 வோல்ட்டில் 19 வாட் பல்ப் இழுப்பது சுமார் 1.6 ஆம்பியர். 55 வாட் பல்ப் இழுப்பது 4.6 ஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதில் மறக்கக் கூடாத விஷயம், வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டம் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறினால், அதே வயரில் சூடு எட்டு மடங்குக்கு மேல் போய்விடும். 19 வாட்டுக்காகப் போட்ட மெல்லிய வயருக்கு இது பெரிய சுமை.

சூடு எங்கே உட்காரும்?

வயர் முழுக்க ஒரே சீராகச் சூடாகும் என்று நினைக்க வேண்டாம். பிரச்சினை பெரும்பாலும் இணைப்புகளில்தான் வரும். பல்பின் பின் நுழையும் கப்ளர், பாடியில் திருகி வைத்த எர்த், யாரோ எப்போதோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஆகியவைதான் அந்த இடங்கள்.

உதாரணத்துக்கு, பாசி பிடித்த கப்ளரில் 0.2 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 55 வாட் பல்ப் எரியும்போது அந்த ஒரு புள்ளியில் 4 வாட் அளவுக்குச் சூடு உண்டாகும். அதே இடத்தில் 100 வாட் பல்பை மாட்டினால், இழுக்கும் மின்னோட்டம் 8.3 ஆம்பியர். அந்தப் புள்ளியின் சூடு சுமார் 14 வாட். கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக்குக்குள், காற்று போக வழியில்லாத இடத்தில் 14 வாட். அரை மணி நேரப் பயணத்திலேயே கப்ளர் இளக ஆரம்பிக்கலாம். பல்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும் குறைந்த வாட்டுக்காகச் செய்யப்பட்டிருந்தால், பிரதிபலிக்கும் பூச்சு கருகும், லென்ஸ் மஞ்சளிக்கும்.

கும்மிடிப்பூண்டி பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது கூடுதல் கவலை. கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும், அதனால் காற்றில் உப்பு ஈரம். தொழிற்பேட்டையில் இரும்பு, உருக்கு ஆலைகளின் தூசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீர். ஃபாக் லைட் பம்பரின் கீழே, தரையை ஒட்டி இருப்பதால் இத்தனையும் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

ஃப்யூஸ் இருக்கே, அது காப்பாத்தாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பாதி காப்பாற்றும். இரண்டு 100 வாட் பல்ப் சேர்ந்தால் 16.7 ஆம்பியர். உங்கள் வண்டியில் இருப்பது 15 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் அது உடனே போய்விடும் என்று எதிர்பார்ப்போம். போகாது. தன் அளவைவிட 10 சதவீதம் வரை கூடுதலான மின்னோட்டத்தை ஃப்யூஸ் மணிக்கணக்கில் தாங்கும். அப்படித் தாங்க வேண்டும் என்பதே அதற்கான தர விதி. அந்த நேரமெல்லாம் சுவிட்சும் கப்ளரும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

இதைவிட மோசமானது அடுத்த படி. ஒரு நாள் ஃப்யூஸ் போய்விடுகிறது. நீல நிற 15 ஆம்பியரைக் கழற்றிவிட்டு, பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகிவிடுகிறோம். 'இனிமே போகாது' என்று ஒரு நிம்மதி. ஆனால் ஃப்யூஸ் வைத்திருப்பது வயரைக் காப்பாற்ற. பெரிய ஃப்யூஸ் போட்ட பிறகு, ஷார்ட் ஆனால் முதலில் எரிவது ஃப்யூஸா வயரா என்று சொல்ல முடியாது.

மங்கலா எரியுதா? பல்ப் மேல பழி போடாதீங்க

ஹாலஜன் பல்ப் மின்னழுத்தத்துக்கு ரொம்பவே செல்லப்பிள்ளை. அதற்குக் கிடைக்கும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். 12 வோல்ட்டில் 10 சதவீதம் என்பது 1.2 வோல்ட்தான். துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டே அவ்வளவையும் தின்றுவிடும்.

அதனால் பல்ப் வாங்கும் முன் ஒரு சின்ன வேலை. எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருக்கும். இன்ஜின் ஓடும்போது, ஃபாக் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்ப் கப்ளரில் எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். லைட்டை அணைத்துவிட்டு அளந்தால் பயனில்லை. மின்னோட்டம் ஓடாதபோது இழப்பும் தெரியாது. ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எர்த்தைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினாலே பழைய பல்ப் பளிச்சென்று எரிய வாய்ப்பு அதிகம். லென்ஸ் மங்கியிருந்தால் அதையும் பாலிஷ் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு வேலைக்கும் ஆகும் செலவு புது பல்ப் ஜோடியைவிடக் குறைவாகவே இருக்கும். விற்பனைக்கு உகந்த யோசனை இல்லை என்பதால் யாரும் இதைச் சொல்வதில்லை!

இன்னொரு விஷயம். பனியில் கூடுதல் வெளிச்சம் கூடுதல் பார்வையைத் தரும் என்பது எப்போதும் உண்மையில்லை. ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புமே, அதே கதைதான். ஃபாக் லைட் உதவுவது அது கீழே, அகலமாக, மேல்விளிம்பு வெட்டினாற்போல் அடிப்பதால். மஞ்சள் பல்ப் பனியைத் துளைக்கும் என்பதும் பாதி நம்பிக்கைதான். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் மஞ்சளும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். நீலப்பூச்சு பூசிய 'சூப்பர் ஒயிட்' மட்டும் வேண்டாம். அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது.

அப்போ எல்இடி?

எல்இடி மின்சாரம் குறைவாக இழுக்கும் என்பதால் வயருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். வயரைப் பொறுத்தவரை சரி. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது.

பல புதிய கார்களில் பல்ப் ஃப்யூஸ் போனதா என்பதை வண்டியின் கன்ட்ரோல் யூனிட் மின்னோட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். எல்இடி குறைவாக இழுப்பதால் 'பல்ப் போச்சு' என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், அல்லது விளக்கு சிமிட்டும். அதைச் சமாளிக்க 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வயரில் குத்தி இணைப்பார்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டில் அந்த ரெசிஸ்டர் மட்டும் 30 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும். அதைப் பிளாஸ்டிக் பம்பரிலோ வயர் கட்டிலோ டை போட்டுக் கட்டிவிட்டுப் போனால், மிச்சம் பிடித்த மின்சாரமெல்லாம் அங்கே அடுப்பாக எரிகிறது என்று அர்த்தம்.

எல்இடியின் பின்பக்கம் ஃபேனும் ஹீட் சிங்க்கும் நீட்டிக்கொண்டிருக்கும். சில விளக்குகளில் பின்மூடி மூடாது. முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர். ஒளி பரவும் விதமும் மாறும். ஹாலஜன் இழை இருந்த அதே புள்ளியில் எல்இடி சில்லு உட்காராவிட்டால் மேல்விளிம்பு கலைந்து, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஜெர்மனியில் 2020-ல் ஹாலஜனுக்கு மாற்றான எல்இடி பல்பை முதன்முதலாக அனுமதித்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும் என்றுதான் அனுமதித்தார்கள். 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்று அட்டையில் போட்டிருந்தால், எந்தக் காரிலும் சோதிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

விளக்கு என்பது பல்ப் மட்டுமில்லை என்பது திருவள்ளூர்காரர்களுக்குப் புதுசா என்ன? புதுச்சத்திரத்தில் லூகாஸ் டிவிஎஸ், ஜப்பானின் கொய்டோ கூட்டு முயற்சியாகத் தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங் ஆலை வாகன விளக்குகளைத்தான் செய்கிறது. திருவள்ளூர் ஆலையிலிருந்துதான் சிட்ரோயன் சி3 கார் வெளிவருகிறது. உங்கள் நண்பர்களில் ஒருவர் இந்த லைனில் வேலை பார்க்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், பல்ப், லென்ஸ், கூடு, வயர் எல்லாம் ஒரே கணக்கு என்பார்.

சரி, என்னதான் வாங்குறது?

பழைய பல்பைக் கழற்றி அதன் அடியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ரகம், வோல்ட், வாட்ஸ் மூன்றும் இருக்கும். ஏற்கெனவே யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் காரோடு வந்த கையேட்டிலும் ஒப்பிடுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் இது கட்டாயம். அதே ரகம், அதே வாட்ஸ் வாங்குங்கள். பல்பின் மேல் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், ஐ.நா. வாகன விதிகளின்படி அங்கீகாரம் பெற்றது என்று பொருள். 'ஆஃப் ரோடு பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இல்லை, ஃபாக் லைட்டே இல்லாத வேரியன்ட்டில் புதிதாகப் போடுகிறோம் என்றால் ரிலேயோடு தனி வயரிங் கிட் வேண்டும். பேட்டரியிலிருந்து, அதன் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் வைத்து, தடித்த வயர் நேராக ரிலேவுக்கு வர வேண்டும். பல்புக்குப் போகும் பெரிய மின்னோட்டம் அந்த வழியில் ஓடும். உள்ளே இருக்கும் சுவிட்ச் ரிலேவை இயக்கும் சின்ன மின்னோட்டத்தை மட்டும் சுமக்கும். பார்க்கிங் லைட் வயரைச் சீவி, அதிலிருந்தே பல்புக்கு இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை ரிவர்ஸ் எடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மாட்டும்போது லைட்டை அணைத்து, பல்ப் ஆறிய பிறகு கை வையுங்கள். பல கார்களில் முன்சக்கரத்தின் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் விலக்கினால் கை போகும். கப்ளரைக் கழற்றி, பல்பை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் வந்துவிடும். புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும். பின்மூடி, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. இன்ஜினை ஓடவிட்டு ஃபாக் லைட்டை 20 நிமிடம் எரியவிடுங்கள். பிறகு அணைத்துவிட்டு, பல்பைத் தொடாமல் கப்ளரையும் வயரையும் மட்டும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பிரச்சினையில்லை. விரலை வைத்திருக்க முடியாத அளவு கொதித்தால், சரியான வாட்ஸ் பல்பே போட்டிருந்தாலும் அந்தக் கப்ளர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றும் வரை ஃபாக் லைட் சுவிட்சைப் போடாதீர்கள்.