நான்கு எழுத்தில் எத்தனை சொல்?

ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதையில், தர்மபுரி மாவட்டத்து நிலையம் ஒன்றின் பலகையில் நான்கே எழுத்து: பொ, ம், மி, டி. ‘எழுத்துகளை மாற்றிப் போட்டுச் சொல் கண்டுபிடி’ என்று சிறுவர் இணைப்பிதழ்களில் வரும் புதிருக்குப் பொம்மிடி அளவெடுத்துச் செய்த ஊர்ப்பெயர். ஓர் எழுத்தை ஒருமுறைதான் எடுக்கலாம். எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை சொல் தேறும்?

கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் ஓரெழுத்தில் 4, ஈரெழுத்தில் 12, மூன்றில் 24, நான்கிலும் 24. ஆக 64 வரிசைகள். ஏழு எழுத்தானால் இதே கணக்கு 13,699 ஆகிவிடும். அத்தனையையும் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. எது சொல்லாகாது என்று தொல்காப்பியரும், பின்னாளில் நன்னூல் எழுதிய பவணந்தியும் விதி வகுத்து வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறுநாளே மறந்துபோன மொழிமுதல் எழுத்துகளுக்கு இங்கே வேலை வருகிறது.

தனிமெய் சொல்லுக்கு முதலில் வராது, ‘ம்’ போயிற்று. டகர வரிசையும் வராது, ‘டி’யும் போயிற்று. 64 பாதியாகி 32. ஒகரக் குறில், கூட்டுச்சொல் அல்லாத தமிழ்ச்சொல்லின் நடுவில் வருவது அரிது. எனவே ‘பொ’ இருந்தால் அதுதான் தலைமை. மிச்சம் 21. மகர மெய்யை அடுத்து டகரம் நிற்காது. ‘ம்டி’ வரும் நான்கையும் தள்ளினால் 17. இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே போதும்: பொடி, மிடி, பொம்மி, பொம்மிடி. மிடி என்றால் வறுமை. பொம்மி யார் என்று மதுரைவீரன் கதை கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வடிகட்டியதில் ஒரு சொல் தப்பிவிட்டது. எதிரே வரும் லாரிக்காரரிடம் கேட்டால் உடனே சொல்வார்: டிம். ஹெட்லைட்டை ‘டிம் பண்ணு’ என்பது நெடுஞ்சாலைத் தமிழ். டீ, டம்ளர், லட்டு, ரயில் எல்லாம் இலக்கண வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்தவை. எனவே புதிர் போடுபவர் கடன்சொல் செல்லுமா செல்லாதா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாத புதிர்களில்தான் வீட்டில் சண்டை வருகிறது.

கணினியின் வழி வேறு. அது வரிசைகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதே இல்லை. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டால் போதும். ‘கதவு’ம் ‘தகவு’ம் அப்படி அடுக்கினால் க, த, வு என்று ஒன்றாகிவிடும். ஒரே அடுக்கில் விழும் சொற்களில் ஒன்றின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் மற்றொன்று கிடைக்கும்.

தமிழில் இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. யூனிகோடு ‘பொம்மிடி’யை நான்கு எழுத்தாகச் சேமிப்பதில்லை, ப, ஒகரக் குறி, ம, புள்ளி, ம, இகரக் குறி, ட, இகரக் குறி என்று எட்டுத் துண்டுகளாக வைக்கிறது. நிரல் எழுதுபவர் இவற்றை முதலில் எழுத்து எழுத்தாகக் கோத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கொம்பும் புள்ளியும் வேறு எழுத்துகளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்துக் கட்டைகளால் சொல் கோக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்கர் ஆல்ஃபிரட் பட்ஸுக்கு இந்தத் தலைவலி இல்லை. 26 எழுத்துகளை, இரண்டு வெற்றுக் கட்டைகள் உட்பட 100 கட்டைகளில் பங்கிட்டு முடித்துவிட்டார். நமக்கு 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை என்று வைத்தாலே இரண்டரை ஆட்டத்துக்கான கட்டைகள் வேண்டும். அதிலும் ‘ஙௌ’ கையில் வந்தவர் பாடு திண்டாட்டம்தான்.