கைத்தறிச் சரக்கும் விற்பனை நாணயமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் அடிக்கடி முறையிடும் குறை ஒன்றுண்டு. பன்னாட்கள் தறிக்குழியில் அமர்ந்து நெய்த சேலை சங்கத்தின் அலமாரியில் தேங்கிக் கிடக்க, விசைத்தறியில் சில மணி நேரத்தில் நெய்த சேலை ‘அசல் கைத்தறி’ என்னும் சீட்டுடன் கடைத்தெருவில் குறைந்த விலைக்கு விற்றுப் போகிறது என்பதே அது. குறை நியாயமானதே. ஆயினும், அப்பொய் எவ்வழியாகச் சந்தைக்குள் நுழைகிறது என்பதை அறியாமல் அதனைத் தடுத்தல் இயலாது.

முழுப்பொய்யைக் காட்டிலும் அரைமெய்யே வியாபாரத்தில் மிகுதி. ‘ஆர்ட் சில்க்’ என்று எழுதியிருப்பதைக் காண்போர் கலைநயம் வாய்ந்த பட்டு என்று எண்ணுவர். அந்த ‘ஆர்ட்’, செயற்கை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமேயன்றி வேறன்று. மரக்கூழிலிருந்து எடுக்கும் ரேயான் முதலிய இழைகளுக்கே அப்பெயர் வழங்கிற்று. பட்டுப்புழுவுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ‘டெஸ்டட் சரிகை’ என்பதும் இத்தகையதே. சோதித்துத் தேறிய சரிகை என்று வாங்குவோர் நினைக்க, செம்பை அடிப்படையாகக் கொண்ட மலிவான சரிகையே அப்பெயரில் விற்கப்படுகிறது. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் சரிகை.

இதனினும் நுட்பமான ஏமாற்று ஒன்றுண்டு. 2004-இல் தொடங்கப்பெற்ற ‘சில்க் மார்க்’ முத்திரை, துணி தூய பட்டு என்பதற்கு மாத்திரமே அத்தாட்சி. அது கையால் நெய்யப்பட்டதா என்பதைப் பற்றி அம்முத்திரை ஒன்றும் சொல்வதில்லை. அதற்கென ‘ஹேண்ட்லூம் மார்க்’ என்னும் வேறு முத்திரை 2006-இல் ஏற்பட்டது. விசைத்தறியில் நெய்த தூய பட்டுச் சேலையின் சில்க் மார்க் சீட்டைக் காட்டி, ‘முத்திரையே இருக்கிறதே, கைத்தறியா என்று கேட்பானேன்?’ என்று சொல்லும் கடைக்காரர் பொய்ச் சீட்டு எதையும் ஒட்டவில்லை. மெய்ச் சீட்டைக் கொண்டே பொய் சொல்லிவிடுகிறார்.

வாங்குவோர் செய்யக்கூடிய சோதனைகள் சில உள. பாவிலிருந்து ஓர் இழையும் ஊடையிலிருந்து ஓர் இழையும் தனித்தனியே எடுத்துக் கொளுத்துக. பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் வீசும். விரலால் நசுக்கினால் கரி பொடியாகும். பாலியெஸ்டராயின் உருகிக் கெட்டியான மணியாய்த் திரளும். பாவில் பட்டையும் ஊடையில் செயற்கை இழையையும் வைத்து நெய்வோர் உளராதலின் ஓர் இழையோடு நிறுத்தலாகாது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களும் ஓடுவதால், கரையின் நிறம் உடலின் நிறத்தோடு கலவாமல் துலங்கும். ஒரே நாடாவில் நெய்ததாயின் உடலின் ஊடை கரையிலும் புகுந்து நிறம் மங்கும். துணியோரத்து ஊசித்துளைகளைக் கண்டதும் கைத்தறி என்று தீர்மானிப்பார் பலர். விசைத்தறித் துணியிலும் அத்தகைய துளைகள் விழக்கூடுமாதலின் அதனை நம்பியிருத்தல் தவறு.

சட்டத்தின் துணையும் இல்லாமலில்லை. 1985-இல் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் முதலில் 22 வகைத் துணிகளும், பின்னர் குறைக்கப்பட்டு 11 வகைகளும், குறித்த இலக்கணங்களுடன் கைத்தறிக்கே ஒதுக்கப்பெற்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், திரிபான விளம்பரம் செய்வோர்க்கு முதற்குற்றத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் கடைக்காரர் வாயால் சொன்னதை மெய்ப்பிப்பது எளிதன்று. ‘கைத்தறி, தூய பட்டு’ என்று ரசீதில் எழுதித் தரும்படி கேட்பதே வாங்குவோர் கைக்கொள்ளத்தக்க வழி. எழுதித் தரத் தயங்குவாராயின் அதிலிருந்தே விஷயம் விளங்கிவிடும்.

இப்பொய்யினால் நெசவாளருக்கு விளையும் நஷ்டம் ஒரு சேலையின் விற்பனையோடு தீர்வதன்று. ஜார்ஜ் ஏகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவருள் அவரும் ஒருவர். நல்லதையும் தீயதையும் வாங்குவோர் பிரித்தறிய முடியாதாயின், இரண்டுக்கும் நடுத்தர விலையே கொடுக்க இசைவர். அவ்விலை நல்ல சரக்குடையவர்க்குக் கட்டாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுவது தீய சரக்கே. தறியைப் பிரித்து வைத்துவிட்டு வேறு கூலிக்குச் சென்ற நெசவாளர் வீடுகளில் இக்கணக்கு நடந்தேறியிருக்கிறது.

இனி, சொல்லக் கசப்பாயினும் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று. தள்ளுபடிக் காலத்தில் சரக்குப் போதாமையால், வெளியில் வாங்கிய விசைத்தறித் துணியை அங்கத்தினர் நெய்ததாகப் பதியும் சங்கம் இருக்குமாயின், கடைத்தெரு வியாபாரியைக் குறைகூற அதற்கு வாயில்லை. இதனைக் கண்டுபிடிக்க வல்லுநர் எவரும் வேண்டுவதில்லை. அங்கத்தினர்க்குக் கொடுத்த நூலின் எடையையும் அவர்களிடமிருந்து வந்த துணியின் எடையையும் ஒத்துப் பார்த்தாலே போதும். பாவு ஒன்றுக்கு மூன்று சேலை வீதம் 40 பாவு கொடுத்த சங்கத்தில் 120 சேலைக்கு மேல் வரவாகியிருந்தால், மிகுதி எங்கிருந்து வந்தது என்று பொதுக்குழுவில் எந்த அங்கத்தினரும் எழுந்து கேட்கலாம். கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமை நிர்வாகிகளுக்கு மட்டும் உரியதன்று.