கொட்டாம்பட்டித் தராசும் ஆயா தேடும் வீடும்

மதுரையிலிருந்து மேலூர் தாண்டித் திருச்சி சாலையில் போனால் கொட்டாம்பட்டி வரும். 1980இல் அந்த ஒன்றியத்துக் கிராமங்களில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு அதுதான் முதல் சோதனைக் களம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட வேண்டும். எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் தாயிடம் மனம் நோகாமல் பேச வேண்டும். இந்த வேலையை யாரை நம்பி ஒப்படைப்பது?

படித்த இளம்பெண்ணைப் போடலாம். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவரைப் போடலாம். திட்டக்காரர்கள் வேறோர் அளவுகோலை எடுத்தார்கள். அதே ஊரில் குடியிருக்க வேண்டும், ஊரார் மதிக்க வேண்டும், ஓரளவு பள்ளிப்படிப்பு வேண்டும். இவை போக, ஏழை வீடாக இருந்தும் தன் பிள்ளையைத் திடமாக வளர்த்திருக்கும் பெண்ணுக்கு முன்னுரிமை. எத்தனை வருஷம் பிள்ளை வளர்த்தாய் என்று கேட்பதைவிட, வளர்த்த பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள்.

இன்று மதுரை அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் அதே கேள்வி அடுக்குமாடி வீடுகளின் கதவைத் தட்டுகிறது. 2017 சட்டத் திருத்தத்தின்படி தனியார் வேலையில் உள்ள தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே அதில் சில வாரங்கள் கழிந்துவிடுவதால், அவர் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்கூட நிறைந்திருக்காது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு. அதற்குப் பிறகு? அம்மாச்சிக்கு மூட்டுவலி, அப்பத்தா ஊரை விட்டு வர மாட்டார். ஆகவே இரண்டு பேர் நேர்காணலுக்கு வருகிறார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டிய ஆயா. “நான் பாத்த பிள்ளைக எல்லாம் இன்னைக்கு இஞ்சினியரு” என்பார். மற்றவர் மனையியலோ உளவியலோ படிக்கும் கல்லூரிப் பெண். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வந்துவிடுவார், சம்பளமும் குறைவு. தம்பியைத் தூக்கி வளர்த்ததைத் தவிர வேறு முன்னனுபவம் கிடையாது.

வீட்டுப் பெரியவர்களின் ஓட்டு ஆயாவுக்கே விழும். அனுபவம் என்றால் திறமை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அறிவியல் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

மருத்துவர்களையே பார்ப்போம். ஹார்வர்டைச் சேர்ந்த நிதீஷ் சௌத்ரியும் அவர் சகாக்களும் 62 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொழிலில் ஆண்டுகள் கூடக் கூடச் சிகிச்சையின் தரம் கூடுகிறதா என்பதுதான் அவர்கள் தேடிய விடை. பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகளில் தரம் குறைந்திருந்தது. படித்து முடித்த காலத்து அறிவோடு நின்றுவிடுவது, தவறைச் சுட்டிக்காட்ட ஆளில்லாமல் அதே தவறை முப்பது வருஷம் செய்வது என்று இதற்குக் காரணங்கள் சொல்லலாம். மருத்துவருக்கே இந்த நிலை என்றால், நாலு சுவருக்குள் யாரும் திருத்தாமல் வேலை பார்ப்பவரை என்ன சொல்வது?

குழந்தைக் காப்பகங்களிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அட்லாண்டா, டெட்ராய்ட், சியாட்டில் ஆகிய மூன்று அமெரிக்க நகரங்களின் காப்பகங்களில் நடந்த தேசிய ஆய்வின் முடிவு 1979இல் வந்தது. பிள்ளைகளோடு பராமரிப்பாளர் பழகும் தரத்தை முக்கியமாகத் தீர்மானித்தவை இரண்டு: குழுவில் எத்தனை பிள்ளைகள், குழந்தை வளர்ச்சி குறித்துப் பராமரிப்பாளருக்குத் தனிப்பயிற்சி உண்டா. வேலை பார்த்த ஆண்டுகளின் எண்ணிக்கை அந்த அளவுக்கு எடுபடவில்லை.

கல்லூரிப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம் என்று தோன்றும் இடத்தில் ஓர் அழுகைச் சத்தம் கேட்கிறது. பிரான்சின் செயின்ட் எட்டியென் பல்கலைக்கழகத்தில் நிக்கோலா மத்தவோன் குழுவினர் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்தார்கள். ஒன்று, குளிப்பாட்டும்போது எழுந்த சிணுங்கல் அழுகை. இன்னொன்று, தடுப்பூசி போட்டபோது வலியில் எழுந்த அழுகை. பெரியவர்களிடம் இவற்றைப் போட்டுக் காட்டி எது எது என்று கேட்டார்கள். குழந்தை பராமரித்துப் பழக்கமே இல்லாதவர்கள் சொன்னது பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரிதான் இருந்தது. பழக்கம் கூடக் கூடச் சரியான விடையும் கூடியது. ஆனால் முன்பின் கேட்டறியாத குழந்தையின் அழுகையைக்கூடப் பிரித்துச் சொன்னவர்கள், கைக்குழந்தையை அப்போது வளர்த்துக்கொண்டிருந்த பெற்றோர் மட்டுமே. பிள்ளை வளர்ந்துவிட்ட பெற்றோருக்கு அது கைகூடவில்லை. 2022இல் வெளியான இந்த முடிவின்படி காதுக்கு அனுபவம் தேவை. அது அண்மைய அனுபவமாகவும் இருக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முன் பிள்ளை வளர்த்த ஆயாவும், கடந்த மாதம் வரை ஒரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் ஒன்றல்ல.

பெற்றால்தான் பிள்ளை வளர்க்கத் தெரியும் என்பாரும் உண்டு. அந்த வாதத்தை ஜே ரோசன்பிளாட் 1967லேயே எலிகளை வைத்து உடைத்துவிட்டார். ஈனாத பெண் எலியின் கூண்டில் தினமும் குட்டிகளை விட்டுவந்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது குட்டிகளை நக்கவும் வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரவும் தொடங்கிவிடும். ஆண் எலிகளும் அப்படியே. மனிதரிடம் இஸ்ரேலின் ரூத் ஃபெல்ட்மன் குழு 2014இல் கண்டதும் இதையொட்டியதுதான். குழந்தையைப் பார்க்கும் முழுப் பொறுப்பையும் ஏற்ற தந்தையரின் மூளையில், அபாயத்தை உணரும் அமிக்டலா பகுதி தாய்மாரிடம் போலவே விழிப்பாக இருந்தது. குழந்தையோடு செலவிட்ட நேரம் கூடக் கூட, முகபாவத்தையும் குரலையும் படிக்கும் பகுதியோடு அதன் பிணைப்பும் கூடியிருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கோ இருபத்தைந்து வயது ஆணுக்கோ மூளை தடை சொல்லப்போவதில்லை.

கற்றுக்கொள்ளும் வழிதான் இதில் சுவாரசியம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரோம்கி குழு, குட்டி போட்ட சுண்டெலியோடு ஈனாத சுண்டெலியையும் ஒரே கூண்டில் வைத்து இரவும் பகலும் படம்பிடித்தது. தாய் சும்மா இருக்கவில்லை. புதியவளைக் கூட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. சில நாளில் புதியவளும் குட்டிகளைத் தூக்கக் கற்றுக்கொண்டாள். இடையில் கண்ணாடி போன்ற தடுப்பு வைத்து வெறுமனே பார்க்க விட்டபோதும் கற்றுக்கொண்டாள். பார்வையை மறைத்ததும் கற்றல் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவளின் மூளையில் ஆக்சிடோசின் சுரக்கும் நரம்பணுக்கள் இயங்கியதை அளந்தும் காட்டினார்கள். 2021இல் வந்த ஆய்வு இது. மாமியார் மருமகளைத் தொட்டில் பக்கம் தள்ளுவதைப் பார்த்த நம்மவர்களுக்கு வியப்பு குறைவாகவே இருக்கும்.

அழகர் கோயில் குரங்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாலும் குட்டியை எட்டிப் பார்க்கும், தொட்டுப் பார்க்கும் இளசுகள் கண்ணில் படலாம். ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் மந்திகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த சாரா ஹர்டி, பிறந்த முதல் நாளிலேயே குட்டி கைமாறுவதைப் பதிவு செய்தார். வாங்க முந்துவது பெரும்பாலும் குட்டி போடாத இளம் மந்திகள். அவை அலங்கோலமாகத்தான் பிடிக்கும், குட்டி கத்தும். ஆனாலும் தாய் கொடுக்கிறது, இரை தேட அதற்கு நேரம் கிடைக்கிறது. இளசுகளுக்கு என்ன லாபம்? ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளில் லின் ஃபேர்பேங்க்ஸ் 1990இல் விடை காட்டினார். சிறு வயதில் பிறர் குட்டியை அதிகம் சுமந்தவற்றின் முதல் குட்டி பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இப்போது ஆயாவின் கைக்கு வருவோம். ஆயா என்ற சொல் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. குளிப்பாட்டும் கலை நம்முடையது. மனைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் நீவிக் கைகாலை மடக்கி எடுக்கும் அந்த லாவகம் எந்தக் கல்லூரிப் பாடத்திலும் வராது. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் 1986இல் குறைமாதக் குழந்தைகளைத் தினம் மூன்று முறை, கால் மணி நேரம் வீதம், பத்து நாள் நீவிவிடச் செய்தார். மற்றக் குழந்தைகளைவிட அவை நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறின. பாட்டிமார் நீவியதில் பொருள் இருந்தது.

அதே கைதான் குளித்து முடித்ததும் மூக்கில் எண்ணெய் விடுகிறது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். நாக்கில் தேன் தொட்டுவைக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கலாம். பிள்ளை விடாமல் அழுதால் “உரம் விழுந்திருச்சு” என்று சேலையில் போட்டு உருட்டி எடுக்கிறது. கழுத்து நிற்காத குழந்தையின் மூளைக்கு அந்தக் குலுக்கல் ஆபத்து. குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று 1990களில் அமெரிக்கா பிரசாரம் செய்த பிறகு அங்கே தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதற்கு முந்தைய தலைமுறை, குப்புறப் படுத்தால்தான் நல்லது என்று மருத்துவர் வாயாலேயே கேட்டு வளர்ந்தது. பழைய அனுபவத்தில் வைரமும் உண்டு, கண்ணாடித் துண்டும் உண்டு. இரண்டையும் வைத்திருப்பவர் ஒரே ஆள் என்பதுதான் சிக்கல்.

கல்லூரிப் பெண்ணின் சிக்கல் வேறு. அவர் போய்விடுவார். செமஸ்டர், அரியர், வேலைவாய்ப்பு முகாம், கல்யாணம் என்று வரிசையாகக் காரணங்கள் காத்திருக்கின்றன. தாய் சேய்ப் பிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பி லண்டனின் வசதியான குடும்பத்தில் 1907இல் பிறந்தவர். தாயை நாளில் ஒரு மணி நேரம் பார்ப்பார், மற்ற நேரமெல்லாம் மின்னி என்ற இளம் தாதிதான். அவருக்கு நான்கு வயதாகும் சமயத்தில் மின்னி வேலையை விட்டுப் போனார். தாயை இழந்ததற்கு நிகரான துயரம் அது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆகவே நேர்காணலில் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதே. ஓராண்டு நிச்சயமாக இருக்கும் மாணவி, மூன்று மாதத்துக்கு ஒரு வீடு மாறும் ஆயாவைவிட மேல்.

மாணவி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ப்பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையை “சும்மா கூடமாட இருக்கட்டும்” என்று அழைத்துவரும் வழக்கம் முழுக்க ஒழிந்துவிடவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006லிருந்தே குற்றம்.

கொட்டாம்பட்டியில் தேர்ந்தெடுத்ததோடு விட்டுவிடவில்லை. பயிற்சி கொடுத்தார்கள். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் வீதம் போட்டு, ஊர் ஊராக வந்து பார்க்கவைத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, ஏறியதும் நிறுத்தம். தராசு மாதாமாதம் உண்மையைச் சொன்னதால் பணியாளரின் அனுபவம் தானாகத் திருத்தப்பட்டது. மருத்துவர்களுக்குக் கிடைக்காதது அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது. கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கியதாக மதிப்பீடுகள் சொல்லின. திட்டம் மாநிலத்தின் பாதிக் கிராமப்புறத்துக்குப் பரவியது. பத்தாண்டு கழித்து வியட்நாமில் ஜெர்ரி, மோனிக் ஸ்டெர்னின் தம்பதி, ஏழை வீடுகளில் திடமாக வளரும் பிள்ளைகளைத் தேடிப்போய், வயலில் பிடித்த குட்டி இறாலையும் நண்டையும் அந்தத் தாய்மார் சோற்றில் சேர்ப்பதைக் கண்டு உலகப் புகழ் பெற்றார்கள். மேலூர்ப் பக்கத்தில் ஏறக்குறைய அதே யோசனை முன்பே ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தது.

வீட்டு நேர்காணலிலும் தராசு வைக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தையின் தொண்டையில் வேர்க்கடலை சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று இருவரிடமும் கேட்டுப் பார்க்கலாம். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவேன் என்பது தவறான விடை. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பிறகு திருப்பி மார்பெலும்பின்மேல் ஐந்து அழுத்தம். பக்கத்தில் இருப்பவர் 108ஐ அழைக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுப்பீர்கள் என்றும் கேட்கலாம். பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்த உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று வர வேண்டும். தெரியாவிட்டாலும் குற்றமில்லை. சொல்லிக்கொடுத்த பிறகு மறுநாள் எப்படிச் செய்து காட்டுகிறார் என்பதுதான் மதிப்பெண். ஐம்பது வயதில் புன்னகையோடு கற்றுக்கொள்ளும் ஆயாவும் உண்டு, இருபது வயதில் செல்போனை விட்டுக் கண்ணெடுக்காத பட்டதாரியும் உண்டு.

இவ்வளவு கவலையையும் கொஞ்சம் தணிக்கும் செய்தியும் உண்டு. 1991இல் தொடங்கி 1,364 குழந்தைகளைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், பிள்ளையின் வளர்ச்சியைக் காப்பாளரைவிடக் குடும்பமும் தாயின் அணுகுமுறையும்தான் அதிகம் பாதித்தன.

இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள முடிகிற வீடு, காலையில் ஆயா, மதியம் மூன்றிலிருந்து கல்லூரிப் பெண் என்று பிரிக்கலாம். ஆயா மூன்றரைக்குக் கிளம்பட்டும். அந்த அரை மணி நேரத்தில் குழந்தையை எப்படித் தூக்கினால் அழுகை நிற்கும் என்று அவர் காட்டுவார். மூக்கில் எண்ணெய் ஏன் கூடாது என்று அவள் “அக்கா” போட்டு மெதுவாகச் சொல்வாள். ஒரு நோட்டில் பால், தூக்கம், மலம், காய்ச்சல் எல்லாம் குறிக்கப்படும். மாதம் ஒருமுறை எடையும். அந்த அரை மணி நேரத்துக்கு இருவருக்குமே சம்பளம் கொடுத்துவிட வேண்டும்.