கடற்காற்றுக்குப் பாய் விரித்தால்

கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இப்போது எஞ்சின் சத்தம்தான் கேட்கிறது. மோட்டார் வருவதற்கு முன் இந்தக் கரைக் கட்டுமரங்கள் பாய் விரித்தே தொழிலுக்குப் போயின. விடியலில் தரைக்காற்று கடலுக்குள் கொண்டுபோகும்; வெயில் ஏறியதும் கடற்காற்று கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

பிள்ளைகளோடு பொழுதுபோக்காகப் பாய்ப்படகு ஓட்ட ஆசைப்படுபவர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். விடியற்காலைத் தரைக்காற்று பழகாதவரை ஆழத்துக்குத் தள்ளிவிடும். பிற்பகல் கடற்காற்றில் எது பிசகினாலும் படகு கரைப்பக்கமே ஒதுங்கும்.

எந்தப் படகு? குடும்பத்துக்கு என்றே வந்தது ‘மிரர்’. 1962-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னலும் வடிவமைத்தது. நீளம் 3.3 மீட்டர், வெறும் படகின் எடை சுமார் 45 கிலோ. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழை நாடா ஒட்டி வீட்டிலேயே கட்டிவிடலாம். பலகையைத் தைத்துப் படகு கட்டுவது நம் மசூலாப் படகுக்காரர்களுக்குப் பழைய சங்கதி. அவர்கள் கையில் இருந்தது தென்னங்கயிறு.

பின்காற்றில் படகு ஓடுவதில் புதிர் ஒன்றுமில்லை. எதிர்க்காற்றில் எப்படி முன்னேறுகிறது? வளைந்த பாயின் இருபுறமும் காற்று வேறுவேறு வேகத்தில் ஓட, அழுத்தமும் வேறுபடுகிறது. அதனால் பிறக்கும் இழுவிசையில் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில் தள்ளும், சிறுபங்கு முன்னால் இழுக்கும். படகின் நடுவே ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும் பலகை, பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. எஞ்சுவது முன்னோக்கிய ஓட்டம். கட்டுமரத்திலும் இப்படிப் பலகை இறக்கும் வழக்கம் உண்டு.

அப்படியும் காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் போக வேண்டும். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் காற்றுக்கு மேல்பக்கம் இடம் பிடிக்கவே நாட்களைக் கழித்தன. சண்டை நடந்தது 20-ஆம் தேதி.

திசை மாற்றும்போதுதான் குடும்பத்துக்கு வேலை. அப்பாவோ அம்மாவோ சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கம் தள்ள, மூக்கு திரும்புகிறது. பாய் படபடக்கிறது. அதன் அடிக்கம்பு தலைக்கு மேல் வீசி மறுபக்கம் போகும். குனியாவிட்டால் மண்டையில் ஒரு போடு. எல்லோரும் எதிர்ப்பக்கம் மாறி உட்கார, பையனோ பெண்ணோ முன்பாயின் கயிற்றை அவிழ்த்து மறுபுறம் இழுக்கிறார்கள்.

கவிழ்ந்தால் பயப்பட வேண்டாம். உயிர்காப்பு உடை மிதக்க வைக்கும். நடுப்பலகைமேல் ஏறி நின்று பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும்.

பிச்சாவரத்தின் குறுகிய கால்வாய்கள் இதற்கு ஆகாது. சுரபுன்னைக் காடு காற்றை மறித்துவிடும். தேவனாம்பட்டினத்து அலையும் புதியவருக்கு வேண்டாம். வெள்ளாற்றின் அகன்ற கழிமுகமே என் தேர்வு. மணல்திட்டு வந்தால் பலகையைத் தூக்கிக்கொள்ளலாம். முறையாகப் பழக, 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியப் படகு கொட்டகையில் கிடக்கட்டும்: தானே புயல் இந்தக் கரையில் ஏறியது 2011 டிசம்பர் 30-இல்.