காணாமற்போனவர்களும் சர்க்காரும்

திருநாவலூர் சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். அவர் அவிநாசிக்குச் சென்றபோது எதிரெதிரான இரண்டு வீடுகளில் ஒன்றில் உபநயன மங்கள ஒலியும் மற்றதில் அழுகையும் கேட்டனவாம். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஐந்து வயதில் ஒன்றாக நீராடப் போனவர்கள்; ஒருவனை முதலை விழுங்கிற்று. நாயனார் பாடினார், முதலை பிள்ளையைக் கரையிலே கொணர்ந்து விட்டது. இக்கதையில் நம் மனத்தைக் கவர்வது அந்த அற்புதமன்று. பல வருஷத்துப் பழைய அழுகையாயிற்றே என்று கடந்து போகாமல், நின்று விசாரித்தாரே, அதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கடமையைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2006 டிசம்பரில் டில்லியை அடுத்த நிட்டாரியில் சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளிப்பட்டன. பிள்ளைகளைக் காணோமென்று ஏழைப் பெற்றோர் அதற்கு வெகு முன்பே போலீஸாரிடம் முறையிட்டிருந்தனர், கேட்பாரில்லை. 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2013 மே 10ந் தேதி உத்தரவிட்டது: 18 வயதுக்குட்பட்டவரைக் காணோமென்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகவேண்டும், வேறுவிதமாக ருசுவாகும் வரையில் கடத்தல் என்றே கொள்ளவேண்டும். 'தானே வந்துவிடுவான், போய் வா' என்ற பதிலுக்கு இனிச் சட்டத்தில் இடமில்லை.

வயது வந்தவர்களுக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை. இஷ்டப்படி வீட்டை விட்டுப் போக அவர்களுக்கு உரிமையுண்டு என்பார்கள், வாஸ்தவம். ஆயினும் திருநாவலூர் அடங்கிய கள்ளக்குறிச்சி ஜில்லாவின் மேற்கிலே, சேலம் ஜில்லாவிலும் பரவி நிற்கும் கல்வராயன் மலையைப் பாருங்கள். கூலிக்கென்று அழைக்கப்பட்டு ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டப் போகிறவர்கள் இஷ்டப்படி மறைகிறவர்களா? 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டார் 20 பேர் ஆந்திரப் போலீஸாரால் சுடப்பட்டு மாண்டனர். 2018 பிப்ரவரியில் கடப்பை ஜில்லா ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிரேதங்கள் மிதந்தன. அவர்கள் சேலம் பக்கத்துக் கல்வராயன் மலையினர். பிரேதமாவது கிடைத்தது, என்று சொல்லவேண்டிய நிலைமை!

பிரேதமும் கிடைக்காதவனுடைய மனைவியின் கதி என்ன? உற்றாருக்கு ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால்தான் ஒருவன் இறந்தவனாகக் கருதப்படுவான். வெள்ளைக்காரன் 1872ல் எழுதிய விதி இது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நமது புதிய சாட்சியச் சட்டமும் அந்த ஏழில் ஒரு வருஷத்தையும் குறைக்கவில்லை. அதுவரை அவள் சுமங்கலியுமல்ல, விதவையுமல்ல. விதவைக்குரிய உபகாரத் தொகைக்கு மரணச் சான்றிதழ் வேண்டும்.

இலங்கை சர்க்கார் 2016ல் ஒரு வழி கண்டது: இறந்தான் என்று சொல்லாமல், 'ஆள் காணப்படவில்லை' என்ற அளவிலே சான்றிதழ் தருவது. குடும்பம் அதைக்கொண்டு சொத்து, உதவி விஷயங்களை நடத்தலாம். அங்குள்ள தமிழ்த் தாய்மார் அதனால் திருப்தியடையவில்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது காகிதமன்று, பிள்ளைகளை. அது முற்றும் நியாயமே. நமது மலைப் பெண்ணுக்கோ அந்தக் காகிதமும் இல்லை.

ஆகவே சென்னை சர்க்காரை நாம் கேட்பது இரண்டு. கரியாலூர் ஸ்டேஷனில் ஒரு பெண் புருஷனைக் காணோமென்றால், அழைத்துப் போன தரகன் யாரென்ற விசாரணை அன்றைக்கே ஆரம்பமாகி, ஆந்திரப் போலீஸாருக்கும் தகவல் போகவேண்டும். தேடுதல் நடக்கும் காலமெல்லாம், ஏழு வருஷக் கணக்குப் பாராமல், அவள் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கவேண்டும்.