ஏரியில் இறங்கிய விமானம்

திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கு மேற்கே, ஆரணியாற்றின் கரையில் ஆரணி என்னும் ஊர் உள்ளது. பட்டு நெசவால் பெயர்பெற்ற ஆரணி வேறு, இது வேறு. இவ்வூரிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் அளவு சென்றால், சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் புழல் ஏரியைக் காணலாம். செங்குன்றம் ஏரி எனவும் அதனைச் சொல்வர். இன்று நீர்ப்பறவைகள் இறங்கும் அவ்வேரியில், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்கின என்றால் வியப்பாக இருக்கும். 1942 முதல் 1945 வரை பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் பிரிவு அங்கே தங்கியிருந்தது. அப்பிரிவினர் ஓட்டியது ‘காட்டலினா’ என்னும் பறக்கும் படகு.

பெயருக்கு ஏற்ப அது பாதி படகு, பாதி விமானம். அதற்கு ஓடுதளம் வேண்டா. அகன்ற நீர்ப்பரப்பே போதும். வேகம் மிகுந்தது அன்று. ஆயினும் இருபது மணி நேரத்துக்கு மேலும் வானிலே நின்று, கடலைத் துருவிப் பார்க்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. அவ்வாற்றலின் பயனை 1942 ஏப்ரல் மாதம் உலகம் கண்டது. அம்மாதம் 4-ஆம் நாள், இலங்கையின் கொக்கலை ஏரியிலிருந்து எழும்பிய காட்டலினா ஒன்று, அத்தீவை நோக்கி வரும் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானி லியோனார்டு பிர்ச்சல் என்னும் கனடா நாட்டவர். கம்பியில்லாத் தந்தியில் செய்தி சென்றுகொண்டிருக்கும்போதே பகை விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த ஒன்பதின்மருள் மூவர் உயிர் துறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது; ஆனால் பகைவர் வருவதை அந்நகரம் முன்னரே அறிந்திருந்தது. ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் அஞ்சி, மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு வெளியேறினர். அவ்வாண்டிலேயே புழல் ஏரிக்குக் காட்டலினாக்கள் வந்தன.

அவற்றுள் ஒன்றேனும் இன்று அவ்வேரியில் இல்லை. அதன் வடிவைக் கண்ணால் கண்டு கையால் உணர விரும்புவோர்க்கு ஒரு வழி உண்டு. அதுவே சிற்றுரு அமைத்தல்.

இக்கலை வெறும் விளையாட்டு என்று எண்ணிவிடலாகாது. போர்க்காலத்தில், வானில் தோன்றும் விமானம் நம்முடையதா, பகைவருடையதா என்பதை நொடிப்பொழுதில் அறிய வேண்டியிருந்தது. படைவீரரின் கண்ணை அதற்குப் பழக்க, 1942-இல் அமெரிக்கக் கடற்படை ஐந்து இலட்சம் சிற்றுருக்களைச் செய்து தருமாறு அந்நாட்டுப் பள்ளி மாணவரை வேண்டியது. மாணவர் மரத்தைச் செதுக்கிச் செய்து, கரிய வண்ணம் பூசி அனுப்பினர். வானத்தின் ஒளியில் விமானம் நிழலாகவே தெரியுமாதலின் கருமையே போதுமானதாயிற்று.

அவற்றின் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். எனவே ஆறடி உயரமுள்ள மனிதன் அவ்வளவில் ஓரங்குலம் ஆவான். பத்து மீட்டர் தொலைவில் தொங்கும் சிற்றுரு, 720 மீட்டர் தொலைவில் பறக்கும் உண்மை விமானம் போலவே கண்ணுக்குத் தோன்றும். இன்றும் சிற்றுருக் கலைஞர் பலர் இவ்வளவையே விரும்புகின்றனர்.

காட்டலினாவின் இறக்கை, முனைக்கு முனை 31.7 மீட்டர். அதனை 72-ஆல் வகுத்தால் 44 சென்டிமீட்டர் வரும். நீளம் 19.46 மீட்டர், சிற்றுருவில் 27 சென்டிமீட்டர். முதலில் பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் இவ்வளவில் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பின் அவ்வரைபடத்தை மென்மரக் கட்டையின்மேல் ஒட்டி, அறுத்து, உளியால் செதுக்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து உருவாக்கலாம். இக்காலத்தில் பிளாஸ்டிக் துண்டுகளாகவே பெட்டியில் கிடைக்கின்றன. மரத்தில் ஒரு முறையேனும் செய்து பார்த்தவரே விமானத்தின் வளைவுகளை நன்கு அறிவர் என்பது என் கருத்து.

உடற்பகுதியின் அடியில் ஒரு படி இருப்பதை மறக்கலாகாது. தட்டையான அடிப்பகுதியை நீர் விடாமல் பற்றிக்கொள்ளும்; படி அப்பற்றை அறுத்து, விமானம் எழ உதவுகிறது. படியில்லாத சிற்றுரு, உண்மையில் ஏரியை விட்டு எழவே முடியாத விமானத்தின் உருவமாகும். இறக்கை உடலின்மேல் நேரே பொருந்தவில்லை. ஒரு தூண்மேல் உயர்ந்து நிற்கிறது. எஞ்சின்கள் இரண்டும் தெறிக்கும் நீருக்கு எட்டாமல் இருப்பதற்கே இவ்வேற்பாடு. உடலின் பின்பகுதியில் இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள் புடைத்திருக்கும். கடலைக் காத்த கண்கள் அவையே. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டை இளக்கி மர அச்சின்மேல் அழுத்தினால் அவை கிடைக்கும். இதனைப் பெரியோர் துணையுடன் செய்க.

நுட்ப வேலையில் பலர் இடறுவது அளவிலேதான். தகடுகள் இணையும் இடங்களைக் காட்டக் கோடு கீறுகிறோம். அக்கோடு ஒரு மில்லிமீட்டர் அகலம் ஆயின், உண்மை விமானத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிளவு என்று பொருள். கை நுழையும் பிளவு! ஆதலால் கூரிய ஊசியால் மயிரிழை போலக் கீறல் வேண்டும். சிலர் புகைக்கறையும் துருவும் அள்ளிப் பூசுவர். எஞ்சினுக்குப் பின்னே இறக்கைமேல் சிறிது புகைத்தடம், வெயிலில் வெளிறிய வண்ணம், இவை போதும். போர்வீரரும் தம் விமானத்தைக் கழுவித்தான் வைத்தனர்.

வண்ணத்தில் எழும் வினா இவற்றினும் பெரிது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்ட முத்திரையின் நடுவே சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியரின் அடையாளமோ செஞ்ஞாயிறு. தொலைவில் சிவப்பைக் கண்டு தம்மவரையே சுட்டுவிடுவர் என அஞ்சி, போரின் நடுவே இப்பகுதியில் அப்பொட்டை அகற்றிவிட்டனர். எனவே 1942-இல் புழல் ஏரிக்கு வந்த காட்டலினாவைச் செய்வோர் சிவப்பைத் தீட்டலாம். 1944-இல் அதே ஏரியில் மிதந்ததைச் செய்வோர் தீட்டலாகாது. ‘காட்டலினா செய்கிறேன்’ என்றால் போதாது. எந்த ஆண்டின் காட்டலினா என்று முதலில் முடிவு செய்து, அவ்வாண்டின் நிழற்படத்தைத் தேடிப் பார்த்த பின்னரே தூரிகையைக் கையில் எடுத்தல் வேண்டும்.

இறுதியாக, இறக்கை முனைகளில் இரு மிதவைகள் உண்டு. நீரில் நிற்கையில் அவை கீழே இறங்கியிருக்கும். பறக்கையில் மேலே மடங்கி இறக்கையின் முனையாகவே மாறிவிடும். புழல் ஏரியில் இருந்தவை சக்கரம் இல்லாதவை. கரையேற்றத் தனிச் சக்கரச் சட்டத்தை மாட்டி இழுத்தனர். ஆகவே சிற்றுருவை மேசைமேல் வெறுமனே வைத்தால் ஒரு புறம் சாய்ந்துவிடும். மிதவைகளை இறக்கி, மரத்தால் சிறு தொட்டில் ஒன்று செய்து, அதில் அமர்த்துக.