பங்குப் பத்திரம் இல்லாத பங்குதாரர்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவர்களுக்கு, புதுச்சேரிக்குள் நுழையும் முன் வரும் கடைசி ஊர் கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டத்து ஊர்தான். ஆனால் பலருக்குப் படிப்பும் பிழைப்பும் எல்லைக்கு அந்தப் பக்கம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துத் தொடர்பால் பிரான்சில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. பாரிஸ் நகரத்து அணியான பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் இப்படிப்பட்ட ஊருக்கு முற்றிலும் அந்நியமாகிவிட முடியாது. அந்த அணி 2025 மே 31 அன்று மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என்று வீழ்த்தி முதன்முறையாக சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. ஆட்டம் முடியும்போது இந்தியாவில் ஜூன் 1 பின்னிரவு மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

அந்த அணியின் ஜெர்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வரலாறு தெரியும். இதயப் பக்கம் வட்டச் சின்னம், நடுவில் சிவப்பு ஈபிள் கோபுரம். அதைவிடப் பல மடங்கு பெரிதாக, நெஞ்சின் குறுக்கே ‘கத்தார் ஏர்வேஸ்’. அணியைக் கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனம் வாங்கியது 2011-இல். இரண்டே ஆண்டுகளில் சின்னம் மாறியது. ‘பாரிஸ்’ என்ற சொல் பெரிதானது; அணி பிறந்த ஆண்டான 1970-உம், பதினான்காம் லூயி மன்னனை நினைவூட்டும் தொட்டிலும் காணாமல் போயின. செயின்ட் ஜெர்மைன் அந்த மன்னன் பிறந்த ஊர். உலகச் சந்தையில் விலைபோவது பாரிஸ் என்ற பெயர்தான் என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். நெய்மார் என்ற ஒற்றை வீரருக்கு 2017-இல் 22.2 கோடி யூரோ கொடுத்தபோது அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் விளங்கியது.

ரசிகர்களுக்கு இது பிடித்ததா? பலருக்குப் பிடிக்கவில்லை. விட்டுப் போனார்களா என்றால், இல்லை. கால்பந்தை வியாபாரமாகப் பார்ப்பவர்களுக்கு இதைவிட வசதியான விஷயம் வேறில்லை. ஒரு சோப்பு விலையேறினால் அடுத்த நாள் வேறு சோப்பு வாங்கலாம். அணியை அப்படி மாற்ற முடியாது. அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்டம், தோற்ற இரவில் சாப்பிடாமல் படுத்தது எல்லாம் அந்த அணியோடு பிணைந்திருக்கின்றன. டிக்கெட் விலை ஏறினாலும், ஆண்டுக்கு மூன்று புது ஜெர்சி வந்தாலும், ஆட்டம் பார்க்க ஒரு செயலி போதாமல் இன்னொன்றுக்குச் சந்தா கட்ட நேர்ந்தாலும் ரசிகர் திட்டிக்கொண்டே கட்டுகிறார். அந்த விசுவாசத்தின் மீதுதான் மொத்த வணிகமும் நிற்கிறது.

நூறாண்டுப் பாரம்பரியம் இருந்தால்தான் இப்படியொரு பற்று வரும் என்று நினைத்தால், சென்னையின் கதை அதைப் பொய்யாக்குகிறது. சென்னையின் எஃப்சி 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்குக்காக உருவாக்கப்பட்ட அணி. முதலீட்டாளர்கள், ஒரு திரை நட்சத்திரம், ஒரு கிரிக்கெட் கேப்டன் என்று பிறப்பிலேயே வணிகத் திட்டம். ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் நேரு விளையாட்டரங்கின் ஒரு பகுதி நீலமானது. ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று ரசிகர் குழுக்கள் உருவாயின. மேளம், பதாகை, தொண்ணூறு நிமிடமும் நின்றபடியே பாட்டு. இதை எந்த விளம்பர நிறுவனமும் எழுதிக் கொடுக்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளம் அந்தப் பிணைப்பை இறுக்கியது. நகரம் தண்ணீரில் நின்றதால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்குப் போனது. சொந்த ஊரில் ஆட முடியாத அணி அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதிப் போட்டி. தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்து, எதிரணி கோல்கீப்பரின் சுயகோலாலும் கடைசி மூச்சில் மென்டோசா அடித்த கோலாலும் கோப்பையைப் பிடித்தது. வீட்டுக்குள் புகுந்த சேற்றை அப்போதுதான் வாரிக் கொட்டியிருந்த ஊருக்கு அந்தக் கோப்பையின் மதிப்பு வேறு. அந்த இரவுக்குப் பிறகு, இது சிலர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி என்று ரசிகர்களிடம் சொல்லியிருந்தால் கைகலப்பு வந்திருக்கும். 2018-இல் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது பட்டத்தையும் எடுத்தார்கள்.

கோயம்புத்தூரின் கதை கசப்பானது. சென்னை சிட்டி எஃப்சி பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்களத்தில் பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி இன்னொரு தேசிய லீகான ஐ-லீக் பட்டத்தை வென்றது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி அது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கை வாங்கியது. மேலே போக ஏணி இருந்திருந்தால் அணி ஏறியிருக்கும். ஆனால் சாம்பியன் ஆனாலும் சூப்பர் லீக்குக்குள் நுழைய அப்போது வழியில்லை. அந்த லீக் உரிமம் வாங்கியவர்களுக்கான மூடிய அறை. ஐ-லீக் வென்ற அணி மேலேறும் முறை வந்தது 2022-23 பருவத்தில்தான். அதற்குள் சென்னை சிட்டி கரைந்துவிட்டது. 2020-21-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. கோவையில் அந்த மாலைகளில் தொண்டை வறளக் கத்தியவர்களிடம் யாரும் விடைபெறக்கூட இல்லை. தமிழ்நாட்டுக் கால்பந்தில் இதைவிடப் பெரிய அநியாயம் சமீபத்தில் நடக்கவில்லை. அதைப் பற்றிப் பேசுபவர்களும் குறைவு.

கொல்கத்தாவில் இவ்வளவு அமைதியாக எதுவும் நடக்காது. 1889-இல் தொடங்கிய மோகன் பகான், 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி பிரிட்டிஷ் ராணுவ அணியை வென்ற கிளப். 2020-இல் பணத் தேவையால் அது ஏடிகே என்ற ஆறு வயது அணியோடு இணைக்கப்பட்டு ‘ஏடிகே மோகன் பகான்’ ஆனது. பெயருக்கு முன்னால் நின்ற மூன்று எழுத்துகளை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. ‘ஏடிகேவை நீக்கு’ என்ற கோஷம் தெருவிலும் மைதானத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அணி வென்றாலும் கொண்டாட மறுத்தவர்கள் இருந்தார்கள். 2023 மார்ச் 18 அன்று சூப்பர் லீக் கோப்பையை வென்ற அதே இரவில், இனி அந்த மூன்று எழுத்துகள் இருக்காது என்று உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். கோப்பையைவிட அந்த அறிவிப்புக்காக அழுதவர்கள் அதிகம் இருந்திருக்கலாம். ஆனால் வெற்றி முழுமையல்ல: புதிய பெயர் ‘மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்’. வால் பகுதி அதே குழுமத்தின் லக்னோ ஐபிஎல் அணியிலிருந்து வந்தது.

எதிர்முகாமான ஈஸ்ட் பெங்காலில் 2021 ஜூலை 21 அன்று, முதலீட்டாளரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்ற சண்டையில் ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து கிளப் வாசலில் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. கேட்ட பணத்துக்கு கிளப்பின் விளையாட்டு உரிமையே விலையா என்பதுதான் கேள்வி. அந்த ரசிகர்களின் காத்திருப்புக்கு ஒரு நல்ல இரவைக் கொடுத்தவர் ஒரு தமிழ்நாட்டுப் பையன். 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்தவர் சென்னை நந்தகுமார் சேகர். மோகன் பகானுடனான எட்டு டெர்பிகளில் தொடர்ந்து தோற்ற அணி அன்று ஜெயித்தது. நந்தகுமார் முன்பு ஆடிய அணிகளில் ஒன்று, மறைந்துபோன அந்த சென்னை சிட்டி.

பணம் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கொல்கத்தா காட்டியது. பணம் போனால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் ரிலையன்ஸ்-ஐஎம்ஜி கூட்டணியோடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அது 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஆகாததால் சூப்பர் லீகை நிறுத்தி வைப்பதாக அதை நடத்தும் நிறுவனம் ஜூலையில் அறிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது. அடுத்து சென்னையின் எஃப்சி செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 2019-இல் மும்பை சிட்டியில் 65 சதவீதப் பங்கு வாங்கியிருந்த சிட்டி ஃபுட்பால் குரூப் டிசம்பரில் வெளியேறியது. 2026 ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள் ஃபிஃபா தலையிட வேண்டும் என்று காணொளியில் கெஞ்ச வேண்டிய நிலை. பிறகு மத்திய அமைச்சர் தலையிட்டு, 14 அணிகள் ஒருவரோடொருவர் ஒருமுறை மட்டும் மோதும் 91 ஆட்டங்களாகச் சுருக்கி, பிப்ரவரி 14-இல் தொடங்கும் என்று அறிவித்தார்.

இத்தனை மாதத்தில் ஒளிபரப்பாளர் தயங்கினார், முதலீட்டாளர் கிளம்பினார், ஸ்பான்சர் ஒதுங்கினார். ஒதுங்க முடியாமல் நின்றது ரசிகர் மட்டும்தான். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை.

வேறு இடங்களில் இருக்கிறது. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் உள்ளது, சில விதிவிலக்குகளோடு. ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குத் தர லீக் முயன்றபோது, ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் லிவர்பூல் ரசிகர்கள் 77 பவுண்ட் டிக்கெட்டை எதிர்த்து 2016-இல் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேற, சில நாளில் உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். இங்கிலாந்து லீகில் ஆடும் வேல்ஸின் கார்டிஃப் அணியின் நீலத்தை மலேசிய முதலாளி 2012-இல் சிவப்பாக்கினார். 2015-இல் நீலம் திரும்பியது. இப்படிப்பட்ட சண்டைகளின் தொடர்ச்சியாகவே 2025 ஜூலையில் இங்கிலாந்துக் கால்பந்துக்கு ஒரு சட்டம் வந்தது. சின்னத்தையோ சொந்த மைதானத்து ஜெர்சியின் நிறத்தையோ மாற்றும் முன் கிளப் ரசிகர்களிடம் கேட்டாக வேண்டும்.

இந்தியாவில் லீகின் அடுத்த அமைப்பு பற்றி சம்மேளனமும் கிளப்களும் பேசும் காலம் இது. அணியின் பெயர், நிறம், சின்னம், ஊர் ஆகிய நான்கையும் ரசிகர் மன்றங்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று உரிம விதிகளில் ஒரு பத்தி சேர்க்க எந்த ஸ்பான்சரும் தேவையில்லை. அந்தப் பத்தி 2020-இல் இருந்திருந்தால் மோகன் பகான் ரசிகர்கள் மூன்றாண்டு தெருவில் நின்றிருக்க வேண்டியதில்லை. ஒரு அணியை மூடும் முன் அதன் ரசிகர்களை அழைத்துப் பேச வேண்டும் என்ற விதியும் வேண்டும். கோவைக்கு அது தாமதம்தான். சென்னைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.